துடைக்காமல் விட்ட பாதிப் படி

செக்கருக்கு யார் மேலும் பகை கிடையாது. நம்பிக்கைதான் கிடையாது. முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் ஏறி இறங்கி டிக்கெட் சோதித்த மனுஷர். ஓய்வு பெற்று நாலு வருஷமாகியும் அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் அவருக்குச் செக்கர் என்றுதான் பெயர். தபால்காரர் உறையை நீட்டினால் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். "எங்க கல்யாண ஃபோட்டோவையே இன்னும் திருப்பித் திருப்பிப் பாக்கறாரு, பின்னாடி ஏதாவது எழுதியிருக்கான்னு" என்பாள் அவர் மனைவி.

டிக்கெட் தானாகத் தொலையாது என்பது அவருடைய கட்சி. உலகத்தில் எதுவுமே தானாக நடக்காது. யாரோ செய்கிறார்கள், செய்துவிட்டு அப்பாவி முகத்தோடு பக்கத்திலேயே நிற்கிறார்கள். பஸ்ஸில் அவர் கண்ட ஜனங்கள் இரண்டே வகை. டிக்கெட் இல்லாதவர் எல்லாப் பையையும் துழாவிக்கொண்டே கதை அளப்பார். டிக்கெட் இருப்பவரோ கையை நீட்டி, "நல்லாப் பாத்துக்குங்க சார்" என்பார். அந்த வார்த்தையில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஆனாலும் கேட்கும்போதெல்லாம் செக்கருக்குச் சுருக்கென்று தைக்கும். அதற்குப் பதிலாகத் திட்டித் தொலைத்திருக்கலாமே என்று தோன்றும்.

இப்பேர்ப்பட்டவர் சந்தேகப்படாத ஒரே ஜீவன் அவர் வீட்டு நாய். ஏழு வயது, பழுப்பு நிறம், இருபத்தெட்டுக் கிலோ. தான் ஒரு துரும்பையும் கிள்ளிப் போடாமல், வேலை செய்கிற எல்லாரையும் உட்கார்ந்தபடி கண்காணிக்கும் என்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர். வெளியே போகும்போது செக்கர் அதை 'சார்' என்றுதான் கூப்பிடுவார். மனைவிக்குக்கூட அந்த மரியாதை கிடைத்ததில்லை.

அந்த மேனேஜர் ஒரு திங்கட்கிழமை காலை மூன்றாவது மாடியின் மேல்படியில் நின்று கீழே எட்டிப் பார்த்தது. முன்காலை வைத்தது, எடுத்தது, உடம்பெல்லாம் நடுங்க வாசலுக்கே திரும்பிவிட்டது.

"போன மாசம்தானே படிக்கெல்லாம் புது டைல்ஸ் போட்டாங்க. எங்கயாவது வழுக்கியிருக்கும்" என்றாள் மனைவி.

"வழுக்கியிருக்கும்னா? யாரு வழுக்க வெச்சது?"

"டைல்ஸ்தான்."

டைல்ஸுக்கு வக்காலத்து வாங்குகிறாளே, இவளுக்கும் இதில் பங்கு இருக்குமோ என்பதுபோல் செக்கர் அவளை ஒரு பார்வை பார்த்தார்.

முதல் இரண்டு நாள் மேனேஜர் கெஞ்சினால் இறங்கியது. சுவரில் விலாவை உரசிக்கொண்டு, ஒவ்வொரு படியாக, வயதான மாமனார் இறங்குவதுபோல் இறங்கியது. மூன்றாம் நாள், நாலாம் படியில் நாலு காலும் நாலு திசைக்குப் போய்த் தாடை தரையில் மோதியது. அதற்குப் பிறகு படிப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. அடுத்து வீட்டுக்குள்ளும் வந்தது வினை. கூடத்துத் தரையில் கால் வைக்கவே பயந்து, கதவோரத்து மிதியடியில் தீவுக்குள் மாட்டிக்கொண்டதுபோல் உட்கார்ந்துகொண்டது. தண்ணீர்க் கிண்ணத்தை அங்கேயே கொண்டுபோய் வைக்க வேண்டியதாயிற்று.

இருபத்தெட்டுக் கிலோவை ஒரு நாளைக்கு மூன்று தடவை ஐம்பத்து நாலு படி தூக்கி இறக்கி ஏற்றினால் அறுபத்திரண்டு வயது முதுகு என்ன பாடுபடும்? அடுத்த திங்கட்கிழமை செக்கரால் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. மனைவி முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள்.

"எங்க அண்ணன்கிட்ட பேசிட்டேன். தரை வீடு, பின்னாடி மண்ணு. ஞாயித்துக்கிழமைக்குள்ள அது தானா படி இறங்கலைன்னா வண்டி எடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போகட்டும்."

"உங்க அண்ணனா?" செக்கர் வலியையும் மறந்து நிமிர்ந்தார். "அவர் போன தடவை வந்தப்பவே அதோட காதைத் தடவித் தடவிக் கொடுத்தாரே, அப்பவே நெனச்சேன்."

"ஆமா, எங்க அண்ணன்தான் ஊருக்குத் தெரியாம வந்து படியில வெண்ணெய் தடவிட்டுப் போனாரு! பேசாம குனிங்க."

அவளுக்கு மட்டும் நாயைப் பிரிய மனசா? தைலக் கையைத் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். மேனேஜர் இல்லாத வீட்டில் காலையில் எதற்காக எழுந்திருப்பது என்றே செக்கருக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆளைப் பிடித்தாக வேண்டும் என்று முடிவு கட்டினார். நாயின் பயத்தைப் போக்க வேண்டும் என்று நினைத்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். அவரோ ஆளைத்தான் தேடினார்.

உண்மையைச் சொன்னால், அவர் தேட ஆரம்பித்து அதற்குள் அஞ்சு நாள் ஆகியிருந்தது. சந்தேகம் படி துடைக்கிற பெண் மேல். விடியற்காலையில் எங்கேயோ ஒரு வேலை முடித்துவிட்டு ஒன்பதரைக்கு வருவாள். படிகளைத் துடைத்துவிட்டு, இரண்டாம் மாடி வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்குப் போய்விடுவாள். அதிர்ந்து பேசமாட்டாள். நாயைக் கண்டால் மட்டும் நின்று பார்ப்பாள். ஏன் பார்க்க வேண்டும்?

அதைவிடப் பெரிய துப்பு ஒன்று இருந்தது. புது டைல்ஸ் போட்டதிலிருந்து அவள் படியில் பாதியைத்தான் துடைக்கிறாள். கைப்பிடிப் பக்கத்துப் பாதி ஈரமாக மினுமினுக்கும்; சுவர்ப் பக்கத்துப் பாதியில் சும்மா உலர்ந்த துணியை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போய்விடுவாள். முழுச் சம்பளத்துக்குப் பாதிப் படி! வேலையில் ஏய்க்கிறவள் வேறு எதில் ஏய்க்க மாட்டாள்?

கையும் களவுமாகப் பிடிக்க ஒரு வழி கண்டுபிடித்தார். மேல்படிக்கட்டுக்கு அவர் வீட்டையும் எதிர்வீட்டையும் தவிர வேறு போக்கிடம் இல்லை. எதிர்வீடோ ஆறு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. ஆகவே அந்தப் பதினெட்டுப் படியில் யார் ஏறி வந்தாலும் மேனேஜரைத் தேடித்தான் வருகிறார்கள். நாய் நடுங்கிய அந்த முதல் வாரப் புதன்கிழமையே மனைவி குளிக்கிற நேரம் பார்த்து அவளுடைய முகப் பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். கைப்பிடிப் பக்கம் இன்னும் ஈரம்; பவுடர் போட்டால் கூழாகிவிடும். சுவர்ப் பக்கம் நன்றாகக் காய்ந்திருந்தது. அங்கே, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், சல்லடையில் சலித்ததுபோல் மெல்லிசாகத் தூவினார். வருகிறவர் பாதம் அப்படியே பதிந்துவிடும்.

நாய்க்கு ஏதாவது ஆகிவிடுமே என்ற அக்கறையும் அவருக்கு இருந்தது, இல்லையென்று சொல்லக்கூடாது. பன்னிரண்டரைக்கு மேனேஜரை வெளியே கூட்டிப்போவதற்கு முன்னால் பழைய வேட்டியால் படிகளை ஒரு துடை துடைத்துவிடுவார். தடயமும் அழிந்தது, படியும் சுத்தமாயிற்று என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டே, கதவோரத்து மிதியடியில் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவார்.

முதல் நாளே பலன் கிடைத்தது. வெறுங்கால் பாதம், அகலமான பாதம், இடது காலின் சுண்டுவிரல் தரையில் படவில்லை. மேலே வரைக்கும் வந்து திரும்பியிருந்தது. துடைத்து முடித்த பிறகு இவளுக்கு மறுபடி இங்கே என்ன வேலை? அடுத்த நாள் பாதத்தோடு கூட இன்னொன்றும் கிடைத்தது. மேல்படியில் ஒரு ரஸ்க் துண்டு. செக்கருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. விஷம்! துண்டை ஒரு உறையில் போட்டு, தேதி, நேரம், படி எண் எல்லாம் எழுதி அலமாரியில் பூட்டினார். ஒரு வாரத்தில் ஆறு உறை சேர்ந்தது. எறும்பு வந்து ஆறையும் தின்றது. ஒரு எறும்பும் சாகவில்லை. எறும்புக்கு ஏறாத விஷமாக இருக்கும் என்று வைத்துக்கொண்டார்.

நாய்க்கோ நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போயிற்று.

அடுத்த புதன்கிழமை அவளே வந்து அவரிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"சார், மேல்படியில சுவரோரமா ஏதோ வெள்ளையா படியுது. துணியில துடைச்சா இன்னும் வழவழன்னு ஆகுது. நாய் கால் வெச்சா நிக்காது சார். கொஞ்சம் என்னன்னு பாருங்க."

செக்கர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். திருடனே முந்திக்கொண்டு புகார் கொடுக்கிற வித்தையெல்லாம் அவர் பார்க்காததா! "அப்படியா? பாக்கறேன், பாக்கறேன்" என்றவர், "முதல்ல அந்த வாளியில என்ன ஊத்தறேன்னு பாக்கணும்" என்றார்.

அவள் முகம் ஒரு கணம் கறுத்தது. வாளியை அவர் காலடியில் வைத்தாள். பிழிந்த துணியை உதறி விரித்துக் காட்டினாள். இரண்டு கையையும் நீட்டினாள்.

"நல்லாப் பாத்துக்குங்க சார்" என்றாள்.

வாளியில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. அந்த வார்த்தை வழக்கம்போல் சுருக்கென்று தைத்தது. அந்தச் சுருக்கிலாவது மனுஷர் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கலாம். அவரோ வீட்டுக்குள் போய்க் காகிதமும் பேனாவும் எடுத்தார். படியில் பாதியை மட்டும் துடைத்து ஏமாற்றுகிறார். காரணமின்றி மூன்றாம் மாடிக்கு வருகிறார். நாய்க்குச் சந்தேகத்துக்குரிய தின்பண்டம் வைக்கிறார். இவரால் ஒரு வாயில்லா ஜீவன் நடைப்பிணமாகிவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண் போட்டு எழுதி, வியாழக்கிழமை காலை குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் கொடுத்தார். செயலாளருக்குச் செக்கர் எழுதும் கடிதம் என்றாலே பயம். ஒன்றைக் கவனிக்காவிட்டால் பின்னாலேயே மூன்று வரும். வெள்ளிக்கிழமை அவளைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது செக்கர் ஜெயித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். மனைவி அவரையே உற்றுப் பார்த்தாள்.

"ஏங்க, ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்லுவீங்களா?"

"கேளு."

"என் பவுடர் டப்பா மூணு மாசம் வரும். இப்ப பத்து நாள்ல காலி. உங்க சட்டைக் கையெல்லாம் அதே வாசனை. இந்த வயசுல யாருக்காக இவ்வளவு பவுடர்?"

செக்கருக்குப் புரையேறியது. முப்பத்தொரு வருஷத்தில் அவரை யாரும் இப்படி நிறுத்திவைத்துக் கேட்டதில்லை. "வேர்வைக்கு" என்றார். பையையெல்லாம் துழாவுகிற பயணியின் குரல்போல அது அவர் காதிலேயே விழுந்தது. விசாரணை முடிகிறவரை துப்பறிகிறவன் வாயைத் திறக்கக்கூடாது என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார். மனைவி சமாதானம் ஆகவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. படி துடைக்கிற பெண். தரைத்தளக் குழாய்ச் சாவி அவளிடம் இருந்தது. அதைக் கொடுக்க வந்திருந்தாள். செக்கர் சோபாவில் உட்கார்ந்தபடியே காதைத் தீட்டிக்கொண்டார்.

"செயலாளர் வீடு பூட்டியிருக்குக்கா. நீங்க குடுத்துடுங்க" என்றாள். மிதியடியில் கிடந்த மேனேஜர் வாலை ஆட்டியது. ஆனால் எழுந்திருக்கவில்லை. அவள் குனிந்து அதன் தலையைத் தடவினாள். "இன்னும் இறங்கலையா இது?"

"எங்கம்மா இறங்குது? நாளைக்கு எங்க அண்ணன் வந்து கூட்டிட்டுப் போறாரு." மனைவியின் குரல் கரகரத்தது. "ஆமா, படியில பாதிதான் துடைப்பேன்னு உன் மேல புகாராமே. ஏம்மா அப்படிச் செஞ்சே?"

"அது இதுக்காகத்தான்க்கா. காலையில நான் நாய் ஆஸ்பத்திரியில தரை துடைக்கிறேன். நாய்ங்களுக்கு ஈர டைல்ஸ்னா உசுரு போயிடும். அதனால அங்க நடுவுல ஒரு பட்டை ஈரமே காட்டாம விட்டுட்டுத்தான் துடைப்போம். அந்தப் பட்டையிலயே நடந்து போயிடும். இங்க இது சுவரோரமாத்தான் போகும்னு சுவர்ப் பக்கத்தைக் காயவிட்டேன். ரஸ்க்கும் ஒரு துண்டு வெச்சிட்டுப் போவேன். படிக்கு வந்தா ஏதோ கிடைக்கும்னு நெனச்சா, பயம் தானா விடும்னு டாக்டர் சொல்லுவாரு."

"அப்புறம் ஏன்மா இப்படி ஆச்சு?"

"அதான்க்கா தெரியல. மொதல்ல பயந்து பயந்தாவது இறங்கிட்டிருந்திச்சு. போன வாரம் புதன்கிழமையிலருந்து சுவர்ப் பக்கம் மட்டும் ஏதோ வெள்ளை. நானும் உலர்ந்த துணியால தேய்க்கத் தேய்க்கக் கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. சார்கிட்டகூடச் சொன்னேன்." மேனேஜரின் முன்காலைத் தூக்கித் திருப்பிக் காட்டினாள். "பாருங்க, விரலிடுக்கெல்லாம் அப்பியிருக்கு. இதை வெச்சுக்கிட்டு வீட்டுத் தரையிலயும் எப்படி நிக்கும்?"

மனைவி குனிந்து பார்த்தாள். மோந்து பார்த்தாள். அந்தக் காலைக் கீழே விடாமலே மெல்லத் தலையைத் திருப்பினாள்.

"ஏங்க" என்றாள், "நாய்க் கால்ல எப்படிங்க என் பவுடர் வாசனை வருது?"

வேர்வைக்கு என்று செக்கரால் இப்போது சொல்ல முடியாது. நாலாம் படியில் நாயின் தாடை மோதிய சத்தம் அவருக்கு மறுபடி கேட்டது. அதுவும் அதே புதன்கிழமைதான். அன்றைக்கு அவர் ஓடிப்போய் அதைத் தூக்குவதற்கு முன்னால் யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று படிக்கட்டைத்தான் சுற்றிப் பார்த்தார். அது இப்போது ஞாபகம் வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நான்தான் போட்டேன்" என்றார். "யாரு வராங்கன்னு பாதம் பதியட்டும்னு."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏறி வந்த பாதத்தையெல்லாம் பாத்தீங்களே, வழுக்கின பாதத்தைப் பாத்தீங்களா?"

செக்கர் எழுந்து வாசலுக்கு வந்தார். சட்டைப் பைக்குள் கையை விட்டார், எடுத்தார். "மன்னிச்சிடும்மா" என்றார், வாசற்படியைப் பார்த்தபடி.

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும் சார். நாளைக்கு எனக்கு இங்க வேலை இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க."

முப்பத்தொரு வருஷத்தில் எழுதிக் கொடுத்த ஒரு அபராத ரசீதையும் செக்கர் ரத்துச் செய்தது கிடையாது. அன்றைக்கு அதே காகிதம், அதே பேனா. புகாரில் சொன்ன நாலும் தவறு. படியை வழுக்க வைத்தது நான். அந்தப் பெண் எச்சரித்தும் கேட்காதது நான். அதற்கும் எண் போட்டுத்தான் எழுதினார், பழக்கம் விடுமா? செயலாளர் கடைக்குப் போய்த் திரும்புகிறவரை முதல் மாடியில் அவர் வாசலிலேயே நின்று கையில் கொடுத்தார். செயலாளர் இரண்டு தடவை படித்தார். காகிதத்தின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

"ஞாயிறும் படி துடைக்கணும்தானே, வரச் சொல்லுங்க" என்றார்.

பிறகு வாளி, சோப்புத்தூள், தேங்காய் நார். பதினெட்டுப் படியையும் செக்கர் மண்டிபோட்டுத் தேய்த்தார். முதுகு கெஞ்சியது, விடவில்லை. அந்தப் பெண் மேலே நின்று, "அங்க இன்னும் வழவழன்னு இருக்கு சார்" என்று காட்டிக்கொண்டிருந்தாள். அலசி, காயவைத்து, சுவர்ப் பக்கம் முழுக்கப் பழைய சாக்குகளை வெட்டி விரித்தார்கள். கதவோரத்து மிதியடியிலிருந்து மேல்படி வரை மனைவி தன் பழைய போர்வையைப் பட்டையாக மடித்துப் போட்டாள். நாயின் கால்களைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கில் சடைபிடித்த முடியை அந்தப் பெண் கத்தரித்துவிட்டாள்.

"நாளைக்குள்ள இறங்கிடுமா?" என்றார் செக்கர்.

"நாளைக்கேன்னா எப்படி சார்? பயம் வர ஒரு நிமிஷம் போதும். போறதுக்கு மாசமாகும். ஒரு நாளைக்கு ஒரு படி இறங்கினாலே பெரிசு. இழுக்காதீங்க, தூக்காதீங்க. பின்னாடி நின்னு தள்ளவும் கூடாது. கீழ உக்காந்து சும்மா இருங்க."

சும்மா இருப்பது செக்கர் இதுவரை செய்து பார்க்காத காரியம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் மேலிருந்து மூன்றாம் படியில் உட்கார்ந்தார். உள்ளே மனைவி தொலைபேசியில் பேசுவது கேட்டது. "கிளம்பிட்டியாண்ணா? எதுக்கும் வந்து பாரு. இங்க வந்து பேசிக்கலாம்." அவள் இன்னும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அண்ணன் வர ஒரு மணி நேரம் ஆகும்.

மேனேஜர் போர்வைப் பட்டை மேலேயே நடந்து வெளியே வந்தது. மேல்படியில் உட்கார்ந்தது. சாக்கை முகர்ந்தது. சுவரை முகர்ந்தது. பிறகு அவரைப் பார்த்தது. அது பாசமாகப் பார்க்கிற பார்வை இல்லை. இந்த ஆள் இங்கே எதற்கு உட்கார்ந்திருக்கிறான், இதில் என்ன சூது என்று கேட்கிற பார்வை. அந்தப் பார்வையைச் செக்கருக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருஷம் அவர் முகத்தில் இருந்ததுதான். அதன் எதிரே உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்றுதான் தெரியாது.

அரை மணி நேரம் போயிற்று. கீழ்மாடியில் அந்தப் பெண் துணி பிழிகிற சத்தம் கேட்டது. கைப்பிடிப் பக்கம் ஈரம், சுவர்ப் பக்கம் உலர்ந்தது. செக்கர் கூப்பிடவில்லை, விசிலடிக்கவில்லை. ரஸ்க் துண்டை இருவருக்கும் நடுப்படியில் வைத்தார். நாய் அதைச் சட்டை செய்யவில்லை. கழுத்தை நீட்டி அவர் கையைத்தான் மோப்பம் பிடிக்கப் பார்த்தது. பவுடர் தூவிய கையல்லவா.

அவர் இரண்டு கையையும் நீட்டினார். மேல்பக்கம் காட்டினார். திருப்பி உள்ளங்கையைக் காட்டினார். கண்ணில் நீர் முட்டியது.

"நல்லாப் பாத்துக்குங்க சார்" என்றார்.

மேனேஜர் அவசரப்படவில்லை. விரல் விரலாக முகர்ந்தது. மணிக்கட்டை முகர்ந்தது. சட்டைக் கையை முகர்ந்து ஒரு தும்மல் போட்டது. அப்புறம் சுவரில் விலாவைச் சாய்த்து, ஒரு முன்காலைச் சாக்கின் மேல் வைத்து அழுத்திப் பார்த்தது, மற்றதையும் வைத்தது, பின்கால்கள் தொப்பென்று வந்து சேர்ந்தன.

ஒரே ஒரு படி. அதிலேயே உட்கார்ந்து ரஸ்க்கைத் தின்றது.

"ஏங்க, அண்ணன் பாதி வழியில இருக்காராம், என்ன சொல்ல?" என்று போனும் கையுமாக வாசலுக்கு வந்த மனைவி அப்படியே நின்றாள். நாய் இருந்த படியைப் பார்த்தாள். போனைக் காதில் வைத்தாள்.

"வா அண்ணா, சாப்பிட்டுப் போகலாம்" என்றாள். "வண்டியில நாய்க்கு இடம் வேண்டாம்."